முதல் மலர்வளையம் யாரோடது?

ஒரு தாய்க்குக் குடுத்த ரெண்டு வாக்கு, அந்தத் தாயோட சாவுலயே ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு. நடுவுல மாட்டினது மைக்கு பிடிச்சிருந்த ஒரு பொண்ணு. முழுசா கேளுங்க. பாதியிலயே தீர்ப்பு சொல்லிடாதீங்க!

அந்தப் பொண்ணு பேரு நிறைமதி, துணை தாசில்தார். பாக்குறது புரோட்டோகால் வேலை. அதாவது அரசு விழாவுல யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு நிறுத்துற வேலை. கல்யாண வீட்டுல தாய்மாமனை விட்டுட்டு வேற யாருக்காவது முதல்ல சந்தனம் நீட்டினா என்ன ஆகும்? அதே கதிதான் இங்கயும். என்ன, இங்க கோவிச்சுக்கிறது அரசாங்கம்.

அன்னிக்கு முன்னாள் அமைச்சர் ஆவுடையம்மாளுக்கு அரசு மரியாதையோட அடக்கம். கரிசக்காட்டு ஊரு, பள்ளிக்கூட மைதானம். பந்தலுக்கு நடுவுல கண்ணாடிப் பெட்டி, அது மேல தேசியக் கொடி. பதவியில இருக்கிறவங்க தகுதிப்படி ஒவ்வொருத்தரா வந்து மலர்வளையம் வைக்கணும். குடும்பத்து வளையம் கடைசி. ஒருத்தருக்கு ஒரு தடவைதான்.

வந்திருந்ததுல உயர்ந்த பதவி அமைச்சர் கயற்கண்ணிக்கு. ஆவுடையம்மாளோட மகளே அவங்கதான். அவங்களுக்கு அடுத்தது சட்டமன்றத் துணைத்தலைவர் அங்கமுத்து.

எல்லாம் தயாரா இருந்த நேரத்துல கயற்கண்ணி நிறைமதி பக்கத்துல வந்தாங்க. கண்ணு ரெண்டும் வீங்கி இருந்துச்சு.

"என் பேரை அந்த வரிசையில கூப்பிடாதம்மா. நான் குடும்பத்தோட நிக்கிறேன்."

"மேடம், முதல் வளையமே உங்களதுதானே?"

"ஆஸ்பத்திரியில அம்மா என் கையப் பிடிச்சிக்கிட்டு கேட்டாங்க. நானும் தம்பியும் ஒரே வளையத்த ஆளுக்கொரு பக்கமா பிடிச்சு வைக்கணும்னு. சரின்னு சொல்லிட்டேன்."

அக்காளும் தம்பியும் பேசி வருஷக்கணக்காச்சு. அக்கா மெட்ராசு, பதவின்னு இருந்தாங்க. படுத்த படுக்கையா கிடந்த அம்மாவத் தூக்கி உக்கார வச்சு, சோறூட்டி, துடைச்சு விட்டதெல்லாம் தம்பி இளம்பரிதி. அன்னிக்குக் காலையில அம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்துட்டு வர்ற நீர்மாலைக்குக்கூட அக்கா வந்து சேரல. அவர் ஒத்தையாத்தான் கொடம் தூக்கினாரு.

இந்தப் பேச்சு காதுல விழவும் இளம்பரிதி எழுந்து வந்துட்டாரு.

"நீர்மாலைக்கு வராதவளுக்கு இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்!"

"திட்டுடா. என் பக்கத்துல நின்னுக்கிட்டே திட்டு."

அவர் நிறைமதியப் பாத்தாரு. "இவ விலகிட்டா முதல் வளையம் யாரும்மா வைப்பாங்க?"

"துணைத்தலைவர், சார்."

அவர் முகம் செத்துப் போச்சு. ஏன்னா அவரும் ஒரு வாக்கு குடுத்திருக்காரு. 'அங்கமுத்து வளையம் மட்டும் எனக்கு முதல் வளையமா வரக்கூடாதுடா'ன்னு அம்மா அவர் தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்தாங்க. புருஷன் செத்த கையோட ஆவுடையம்மா சட்டசபைக்குப் போயி முதல் தடவையா பேச எந்திரிச்ச நாள்ல, "வீட்டுல உலை வச்சுப் போட புருஷன் இல்லன்னா இப்படித்தான் சபைக்கு வந்துடுவாங்க"ன்னு சொன்னவர் அங்கமுத்து. சபையே சிரிச்சிச்சு. அந்தம்மா உக்காரல, பேசி முடிச்சாங்க. ஆனா சாகுற வரைக்கும் அது ஆறல.

பாத்தீங்களா முடிச்சை! அக்கா அரசு வரிசையில நின்னா அக்காவோட வாக்கு போச்சு. குடும்பத்தோட வந்து நின்னா தம்பியோட வாக்கு போச்சு.

அப்ப கைத்தடிய ஊனிக்கிட்டு அங்கமுத்தே வந்துட்டாரு. வயசு எழுபது தாண்டிருச்சு.

"என்னால ஒரு சங்கடமும் வேண்டாம் தாயி. எல்லாரும் வச்சு முடிக்கட்டும், என்னைக் கடைசியில கூப்பிடு. நான் ஓரமா நிக்கிறேன்."

நிறைமதிக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அந்த மூச்சு முழுசா வெளிய வர்றதுக்குள்ள பக்கத்துல நின்ன கலெக்டர் குனிஞ்சு சொன்னாரு: "நிறைமதி, அவர் இங்க தனி ஆளா வரல. சபையோட சார்பா வந்திருக்கார். அவரை இறக்கினா சபையையே இறக்கின மாதிரி. நாளைக்குப் பதில் சொல்லப் போறது நீங்கதான்."

துப்பாக்கிய சாய்ச்சிக்கிட்டு போலீசுக்காரங்க விறைச்சு நிக்கிறாங்க.

இளம்பரிதி பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் குடும்பத்து வளையத்த எடுத்து அக்கா முன்னாடி நீட்டினாரு.

"அந்தப் பக்கம் பிடி."

அங்கமுத்து பக்கம் திரும்பினாரு. "நீங்களே முதல்ல வைங்கய்யா. சத்தியம் பண்ணினவன் நான். அந்தப் பாவம் என்னோட இருக்கட்டும்."

இப்ப கணக்குப் பாருங்க. தாய்க்குக் குடுத்த வாக்குக்காக முதலிடத்தையே விட்டாங்க கயற்கண்ணி. சங்கடம் தீரட்டும்னு தன்னோட இடத்த விட்டுத்தர வந்தாரு அங்கமுத்து. அக்காவோட வாக்கு நிலைக்கட்டும்னு தன்னோட சத்தியத்தையே உடைச்சாரு இளம்பரிதி. நிறைமதி கையில மைக்கு. மூணு பேரும் அவளையே பாக்குறாங்க.

இந்த மூணு பேருல யாரு செஞ்சது சரி? நிறைமதி யாரை முதல்ல கூப்பிடணும்?

விடை: இளம்பரிதி செஞ்சதுதான் சரி. கயற்கண்ணி ஆசையில தப்பில்ல, ஆனா அதுக்கான விலைய தம்பி தலையில வச்சாங்க. அங்கமுத்து விட்டுத்தர வந்த இடம் அவரோட சொந்த இடமே இல்ல, சபையோடது. தனக்குச் சொந்தமானத மட்டும் குடுத்தவர் இளம்பரிதி ஒருத்தர்தான். பதவி வரிசைங்கிறது ஆளுக்கு இல்ல, நாற்காலிக்கு. அதனாலதான் நிறைமதி அங்கமுத்து பேரையே சொல்லல. "சட்டமன்றத்தின் சார்பில், துணைத்தலைவர்"னு கூப்பிட்டா. அந்தம்மாவப் பாத்து சிரிச்ச சபைதானே முதல்ல வந்து குனியணும்? அங்கமுத்து கைத்தடியக் கீழ வச்சிட்டு, ரெண்டு கையாலயும் வளையத்த வச்சாரு. வச்சவரு ரொம்ப நேரம் நிமிரவே இல்ல.