சடையம்மாள் கேட்ட நாற்காலி

"அம்பேத்கர் படத்துக்கு நாற்காலி போடுறாங்க. ஓட்டு வாங்கி ஜெயிச்ச எனக்குப் பாய் போடுறாங்க. இது என்ன ஞாயம் அம்மா?"

கேட்டவள் சடையம்மாள். ஊராட்சித் தலைவியாகி மூன்று மாதம் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். வயது ஐம்பத்திரண்டு.

கேட்டது பிக்குணி மைத்ரியிடம். அவருக்கு முப்பதுகூட இருக்காது. மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த சின்ன விகாரை அவருடையது. உள்ளே ஒரு புத்தர் சிலை. பக்கத்துச் சுவரில் அம்பேத்கர் படம்.

பிக்குணி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

சடையம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். அலுவலகத்தில் தலைவருக்கென்று இருப்பது ஒரு நாற்காலி. அதில் உட்காருவது துணைத்தலைவர் தனகோடி. அம்பேத்கர் பிறந்தநாளன்று மட்டும் அவர் எழுந்தார். நாற்காலியில் படத்தை வைத்து, மாலை போட்டு, கைகூப்பினார். சடையம்மாள் கீழே பாயில் உட்கார்ந்து கைதட்டினாள். படத்தை எடுத்ததும் அவரே மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

இன்று பதினோரு மணிக்குக் கூட்டம். சடையம்மாளின் காலனிக்கு ஒதுக்கிய தார்ச்சாலையைத் தனகோடியின் செங்கல் சூளைக்குத் திருப்பித் தீர்மானம் எழுதியாகிவிட்டது. சடையம்மாள் கையெழுத்துதான் பாக்கி. பாயில் இருப்பவளிடம் காகிதத்தை நீட்டுவார்கள், இடத்தைக் காட்டுவார்கள், அவள் போட்டுவிடுவாள். மறுத்தால் சூளையில் வேலை செய்யும் மகனுக்கு நாளைக்கு வேலை இருக்காது.

"தினமும் அவர் படத்துக்குச் சூடம் ஏத்துறேன். அந்த நாற்காலி கிடைச்சா அவர் சிலை முன்னாடி மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டும் இருக்கேன்."

"அத்தனை முடியையும் வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?"

சடையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. சாமிக்கு மேல அவர் எங்களுக்கு."

அப்படி அவர் என்னதான் செய்தார் என்று பிக்குணி கேட்டார், தெரியாதவரைப் போல.

சடையம்மாளுக்குக் கோபம் வந்தது. மகாத் குளத்தைப் பற்றிச் சொன்னாள். ஆடுமாடு குடிக்கலாம், அவருடைய ஜனங்கள் தொடக்கூடாது என்றிருந்த தண்ணீர். ஆயிரக்கணக்கானவர்கள் அவரோடு நடந்து போனார்கள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. கண் கலங்கியது.

"அவருக்கு யார் மொண்டு குடுத்தாங்க?" என்றார் பிக்குணி.

"யார் குடுப்பாங்க? அவரே இறங்கிப் போய் அள்ளிக் குடிச்சார்."

பிக்குணி மறுபடி திரியை எடுத்துக்கொண்டார்.

சடையம்மாள் காத்திருந்தாள். இத்தனை தூரம் நடந்து வந்து, இவ்வளவு பேசி, ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது. வெயில் ஏறிவிட்டது. தொண்டை வறண்டது.

"குடிக்கத் தண்ணி வேணும் அம்மா."

பிக்குணி மூலையைக் காட்டினார். மண்பானை. மேலே மூடி, அதன்மேல் ஒரு டம்ளர்.

சடையம்மாள் பானையின் அருகே போனாள். குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாயருகே வைத்துக்கொண்டு நின்றாள். தனகோடி வீட்டு வாசலில் முப்பது வருடமாக அவள் தண்ணீர் குடிப்பது அப்படித்தான். உயரத்திலிருந்து யாராவது ஊற்றுவார்கள்.

பிக்குணி எழுந்திருக்கவில்லை.

"ஊத்துங்கம்மா."

பிக்குணி இன்னொரு திரி திரித்தார். அதை எண்ணெயில் தோய்த்தார்.

குனிந்த முதுகு வலித்தது. சடையம்மாள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

கைகளைப் பிரித்தாள்.

மூடியை எடுத்தாள். டம்ளரை முழுக்க உள்ளே விட்டு மொண்டாள். குடித்தாள். இன்னொரு முறை மொண்டு, நிமிர்ந்து நின்று, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள்.

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

"கூட்டத்துக்கா?"

"ஆமா. துணைத்தலைவர் வர்றதுக்கு முன்னாடி போய் நாற்காலியில உட்காரணும்."

"பயம் போயிடுச்சா?"

"எங்கம்மா போகும்?" என்றாள் சடையம்மாள், படியிறங்கிக்கொண்டே. "அதுவும் கூடத்தான் வருது."