நல்லபெருமாளின் முதல் வெளிச்சம்

"மூணு வருஷம் ஆச்சு, டீச்சர். நான் செஞ்ச எதையும் நீங்க ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

கேட்டவர் நல்லபெருமாள். பாலம் கட்டும் பொறியாளராக இருந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியபின் வேலையை விட்டுவிட்டு, ஒளிச்சிற்பம் செய்யும் ஷம்ஷாத்திடம் மாணவராகச் சேர்ந்தவர். ஷம்ஷாத் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

ஷம்ஷாத் ஒரு கண்ணாடித் துண்டை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க, சார்? பார்க்க வர்றவங்களைப் பாருங்க."

தட்டிக்கழிக்கிறார் என்று நல்லபெருமாள் நினைத்துக்கொண்டார்.

அந்தப் பங்குனியில் அவர் தனியாக ஒரு படைப்பைச் செய்து முடித்தார். அதுதான் முதல்.

சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரை விடுதி இடம் கொடுத்தது. வேறு வெளிச்சமே விழாத கரை என்பதால் அவருக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. மணல்மேட்டில் நூற்றுக்கணக்கான எஃகுக் கம்பிகளை நட்டார். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு கண்ணாடித் தட்டு. கடற்காற்றில் தட்டுகள் சுழலும். கீழேயிருந்து பாயும் வெள்ளை வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறும். தூரத்திலிருந்து பார்த்தால் மேடே அலையடிப்பதுபோல் இருக்கும்.

திறப்பு நாளன்று பொழுது சாய்ந்ததும் கூட்டம் சேர்ந்தது. வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் படைப்புகளைத் தேர்வு செய்யும் அம்மையார் ஒருவர் டெல்லியிலிருந்து வந்திருந்தார். நல்லபெருமாள் கேட்டுக்கொண்டதால் விடுதியின் மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டார்கள்.

அவர் சட்டைப்பையிலிருந்த ரிமோட்டை அழுத்தினார்.

மேடு எழுந்தது.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மடமடவென்று கைப்பேசிகள் உயர்ந்தன. டெல்லி அம்மையார் மட்டும் கைப்பேசியை எடுக்காமல் வாய் பிளந்து நின்றார்.

நல்லபெருமாள் ஒரே ஒரு முகத்தைத் தேடினார்.

ஷம்ஷாத் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தார். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடல் பக்கமாகக் குனிந்து நின்றார்.

நல்லபெருமாளுக்கு முகம் சுட்டது. நேராக அவரிடம் போனார்.

"ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன, டீச்சர்?"

ஷம்ஷாத் திரும்பவில்லை. கீழே கையைக் காட்டினார்.

மணல் ஓரிடத்தில் கொதிப்பதுபோல் அசைந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஆமைக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே வந்தன. வந்தவை நிற்கவில்லை. துடுப்புகளை அடித்துக்கொண்டு, கூட்டத்தின் கால்களுக்கு இடையே புகுந்து மேட்டை நோக்கிப் போயின.

"கடல் அந்தப் பக்கம்தானே இருக்கு?" என்றார் நல்லபெருமாள்.

"அதுங்களுக்கு வெளிச்சம் இருக்கற பக்கம்தான் கடல்."

எத்தனை பிறந்திருக்கும், எத்தனை ஏற்கெனவே போயிருக்கும் என்று தெரியவில்லை. முன்னால் போன சில, விளக்குகளின் சூடான கண்ணாடிமேல் ஏற முயன்று சரிந்துகொண்டிருந்தன.

அந்த நேரம் விடுதி மேலாளர் ஜெயசீலன் மைக்கைப் பிடித்து, எல்லோரும் முன்னால் வந்து கம்பிகளுக்கு நடுவே நடக்கலாம் என்று அழைப்பு விடுத்தார். கூட்டம் அசைந்தது. குதிகால் செருப்புகளும் ஷூக்களும் மணலில் எழும்பின.

நல்லபெருமாள் ரிமோட்டை எடுத்தார். கட்டைவிரல் பொத்தான்மேல் போய் நின்றுவிட்டது. இப்போது அணைத்தால் இத்தனை பேரும் இருட்டில் தடுமாறுவார்கள். ஒரு காலடிக்கு ஒரு குஞ்சாவது நசுங்கும்.

ஷம்ஷாத்தைப் பார்த்தார். அவர் குனிந்து குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளரிடம் ஓடவும் முடியாது. காலைத் தூக்காமல், மணலைத் தடவித் தடவி இழுத்துக்கொண்டே போனார். வழியில் யாரோ கைகுலுக்க வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. பாதி வழியில் செருப்பைக் கழற்றினார்.

மைக்கை ஜெயசீலன் கையிலிருந்து பிடுங்கினார்.

"யாரும் நகராதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க. காலைத் தூக்காதீங்க."

வெடிகுண்டோ என்னவோ என்று கூட்டம் உறைந்தது.

"கீழ பாருங்க."

பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வெளிச்சத்தை அணைக்கப் போறேன். ஃபோனையும் அணைச்சிடுங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க."

டெல்லி அம்மையார் இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை, ஃப்ளைட்டுக்கு நேரமாகிறது என்று ஜெயசீலன் காதோரம் கெஞ்சினார்.

நல்லபெருமாள் பொத்தானை அழுத்தினார்.

இருட்டு. காற்றில் தட்டுகள் சுழலும் மெல்லிய சத்தம் மட்டும்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு கண் பழகியது. முதுகுப்புறத்தில் கடல் லேசாக வெளுத்திருந்தது. மேட்டுப் பக்கமிருந்து மணலில் மிகச் சின்னதாக ஓர் உரசல் கேட்டது. ஒன்று, பிறகு பல.

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். இன்னொருவரின் கைப்பேசி மின்னியது. பக்கத்திலிருந்தவர் அதைக் கையால் மூடினார். டெல்லி அம்மையார் ஒரு காலை மணலில் அழுத்தியபடி, மறுகாலை எப்படி வைத்திருந்தாரோ அப்படியே வைத்துக்கொண்டு கொக்குபோல் நின்றார். கார்கள் காத்திருந்தன. ஒருவரும் போகவில்லை.

நல்லபெருமாள் மண்டியிட்டு, தவழ்ந்து தவழ்ந்து கூட்டத்துக்குப் பின்னால் வந்தார். மல்லாந்து கிடந்த ஒன்றை நிமிர்த்தி விட்டார். அது அவர் விரலைத் தள்ளிவிட்டுக் கடலுக்குப் போனது.

அவர் முதுகுக்கு மேல் ஷம்ஷாத்தின் குரல் கேட்டது.

"சார்..."

"அசையாதீங்க, டீச்சர்," என்றார் நல்லபெருமாள். "உங்க கால்மேல ஒண்ணு போயிட்டிருக்கு."