கீரி எடுத்த வால் படங்கள்

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத ஏரி ஒன்று இருந்தது. மற்ற குட்டைகள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மாதத்தில், எல்லா விலங்குகளும் அந்த ஏரிக்குத்தான் வந்தாக வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது.

அந்த ஏரிக்கரையில் நோண்டி என்று ஒரு கீரி இருந்தது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை, குழந்தைகளே. கல்லைக் கண்டால் புரட்டும். பொந்தைக் கண்டால் மூக்கை நுழைக்கும். தூங்குகிற பன்றியின் காதுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்து உதை வாங்கிய கீரி அது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் பறவைகள் ஏரியோரத்து மணல்திட்டில் முட்டையிடும். அந்த முட்டைகளை யாரும் தொடக் கூடாது. தொட்டவருக்கு ஏரியில் தண்ணீர் கிடையாது.

அந்த வருடம் ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. ஆள்காட்டி சாமானியக் காவல்காரி அல்ல. தரையில் ஓர் ஓணான் அசைந்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடும். ஆனால் உச்சி வெயிலில் மணல் கொதிக்கும்போது, அது தண்ணீருக்குப் போய்த் தன் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வரும். ஈர வயிற்றோடு உட்கார்ந்தால் முட்டைகள் குளிரும். அது போய் வருகிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் திருட்டு நடந்தது.

ஆள்காட்டி அழுதுகொண்டே காட்டெருதிடம் போய் நின்றது. அந்த ஏரிக்கு நியாயம் சொல்பவர் காட்டெருதுதான். நல்லவர். ஆனால் கண்ணால் கண்டதைத் தவிர எதையும் நம்ப மாட்டார்.

"எம் முட்டை போச்சுங்க ஐயா. நாலு இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு."

பக்கத்து மரத்திலிருந்து ஒரு வால்காக்கை இறங்கி வந்தது. உடம்பைவிட நீளமான வால் அதற்கு. பேச்சில் தேன் ஒழுகும்.

"பாவம் அக்கா நீங்க. எனக்கே வயிறு எரியுது," என்றது வால்காக்கை. "அது சரி, கூட்டுக்குப் பக்கத்துல கீரியோட காலடி இருக்கே, யாரும் பார்க்கலையா?"

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். இருந்தது. நோண்டியின் காலடியேதான்.

"நான் போனது நிஜம்தாங்க ஐயா," என்றது நோண்டி. "அதுல எது முட்டை, எது கூழாங்கல்லுன்னே தெரியலை. அவ்வளவு ஒத்துப்போகுது. எப்படின்னு பார்க்கத்தான் போனேன். தொடலை."

"கீரி முட்டையைப் பார்த்துட்டு மட்டும் வந்துச்சாம்," என்றது வால்காக்கை.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நோண்டிக்கு அவமானத்தில் காது சுட்டது. செய்யாத குற்றத்துக்குச் சிரிப்பை வாங்கிக்கொள்வது உதையைவிட வலிக்கும்.

காட்டெருது மூச்சை இழுத்து விட்டார். "காலடி இருக்கு. அதை நான் கண்ணால பார்த்தேன். நீ எடுக்கலைன்னா யார் எடுத்தாங்கன்னு காட்டு. பௌர்ணமி வரைக்கும் தவணை. காட்டலைன்னா இந்த ஏரிப் பக்கம் நீ தலைவச்சும் படுக்கக் கூடாது."

தண்ணீர் இல்லாமல் ஒரு கீரி எத்தனை நாள் தாங்கும்?

அன்று சாயங்காலம் அது தன் சிநேகிதி ஆமையிடம் போய், புதருக்குள் ஒளித்து வைத்திருந்த ஒன்றை இழுத்துக் காட்டியது. பறவைகளைப் படம்பிடிக்க வந்த ஒரு மனிதர், தேனீக்கள் துரத்த ஓடியபோது போட்டுவிட்டுப் போன டிஜிட்டல் கேமரா அது.

"இதை நோண்டாம இருந்திருக்க மாட்டியே," என்றது ஆமை.

"நோண்டிட்டேன் அக்கா. இந்தப் பொத்தானை அமுக்கினா, முன்னால இருக்கிறது அப்படியே உள்ள வந்து உட்கார்ந்துக்குது. திருடன் முட்டையோட போறப்ப அமுக்கினா போதும். ஐயா கண்ணாலயே பார்த்துக்கட்டும்."

கேமராவின் தலையில் ஒரு திருகு இருந்தது. அதைச் சுற்றி ஒரு பூ, ஒரு மலை, ஓடுகிற ஒரு மனிதன் என்று சின்னச் சின்னப் படங்கள். நோண்டி முதலில் மலையை வைத்துப் பறக்கிற கொக்கை எடுத்துப் பார்த்தது. மலை அழகாக விழுந்தது. கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருந்தது.

"ஓடுறவன் படத்தை வச்சுப் பாரேன்," என்றது ஆமை. "ஓடுறதுக்கும் பறக்கிறதுக்கும் ஏதாவது உறவு இருக்கும்."

வைத்தது. கேமரா கடகடவென்று ஒரே மூச்சில் பல படங்களை எடுத்துத் தள்ளியது. எல்லாம் துல்லியம். ஆனால் எல்லாவற்றிலும் வெறும் வானம். தூரத்தை அளவுக்கு மீறிக் கிட்டே இழுத்துவிட்டதால், கொக்கு எங்கே என்று தேடுவதற்குள் அது போய்விட்டது. பிறகு நோண்டி முதலில் அகலமாகப் பார்த்துப் பறவையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் மெல்லக் கிட்டே இழுக்கக் கற்றுக்கொண்டது.

கேமரா கனமாக இருந்ததால் அதை ஆமையின் முதுகில் வைத்தார்கள். பறவை போகிற பக்கமே கேமராவும் திரும்ப வேண்டும் அல்லவா?

"திரும்பு அக்கா, திரும்பு."

"திரும்பிக்கிட்டுத்தான் இருக்கேன்."

ஆமை திரும்பி முடிப்பதற்குள் கொக்கு அக்கரையில் மீன் பிடித்துத் தின்றுவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் இருவரும் மணல்திட்டுக்குப் பின்னால் இருந்த புதரில் பதுங்கினார்கள். ஆள்காட்டி தண்ணீருக்குப் போனது. ஒரு நிழல் சட்டென்று இறங்கி, சட்டென்று எழும்பியது. நோண்டி பொத்தானை அமுக்கியது. கடகட. கூட்டில் இன்னொரு முட்டையைக் காணோம்.

படத்தில் இருந்தது ஒரு நீண்ட வால்.

நோண்டி கேமராவைக் காட்டெருதிடம் இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் குனிந்து பார்த்தார். வால்காக்கையும் வந்து எட்டிப் பார்த்தது.

"இது என் வாலேதான்," என்றது வால்காக்கை, கொஞ்சமும் அசராமல். "தண்ணி குடிக்க வந்தேன். குடிச்சுட்டுப் போனேன். இதுல முட்டை எங்க இருக்கு, காட்டு தம்பி."

முட்டை அலகில் இருந்தது. அலகு அந்தப் பக்கம் இருந்தது. வால்தான் இந்தப் பக்கம்.

"ஒரு பறவை பறந்திருக்கு," என்றார் காட்டெருது. "பறக்கிறது குத்தமா?"

நோண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியது. போதாக்குறைக்குக் கேமராவில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதன் உயிர் தீரப் போகிறது என்று ஒருமுறை பார்த்தாலே புரிந்தது. பௌர்ணமியும் மறுநாள்தான்.

அன்று மீதிப் பொழுது முழுக்க அது கேமராவைத் தொடவே இல்லை. கரையில் உட்கார்ந்து பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. திருடனை மறந்து, தண்ணீர்க் கவலையை மறந்து, அதன் பழைய புத்தி திரும்பிவிட்டது. இவை எப்படித்தான் கிளம்புகின்றன?

பார்க்கப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. கொக்கு கிளம்பும் முன் கழுத்தை மடித்துக் குனிந்தது. நாரை எச்சம் போட்டுவிட்டுக் கிளம்பியது. மீன்கொத்தியும் அப்படியே. பாரத்தை இறக்கிவிட்டுத்தான் பயணம் போலிருக்கிறது என்று நோண்டி சிரித்துக்கொண்டது. அப்புறம் இன்னொன்றைக் கவனித்தது. கவனித்ததும் வால் மயிர் சிலிர்த்துக்கொண்டது.

"அக்கா, காத்து எந்தப் பக்கமிருந்து வருது?"

"ஏரிப் பக்கமிருந்து."

"பறவை எல்லாம் எந்தப் பக்கமாக் கிளம்புது?"

ஆமை நிதானமாகப் பார்த்தது. "ஏரிப் பக்கமா. காத்தை எதிர்த்துத்தான் எழும்புது. பெரிசு, சின்னது எல்லாமே."

"நாம எங்க உட்கார்ந்திருந்தோம்?"

"புதர்ப் பக்கம். காத்து நம்ம மூஞ்சியில அடிச்சுது." ஆமை ஒரு கணம் யோசித்தது. "ஏன்டா, அங்க எதுக்கு உட்கார்ந்த?"

நோண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண் திறந்த நாளிலிருந்து அதன் அம்மா சொல்லிக் கொடுத்தது அதுதான். இரையைப் பிடிக்கப் போனால் காற்று உன் முகத்தில் அடிக்கிற பக்கம் நில். உன் வாடை இரைக்குப் போகக் கூடாது. எலி பிடிக்க அது சரி. படம்பிடிக்க அங்கே நின்றால் வாலைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

முகம் வேண்டுமானால் காற்று முதுகில் அடிக்கிற பக்கம் போக வேண்டும். அந்தப் பக்கம் ஏரித் தண்ணீரை ஒட்டி ஒரு மொட்டைப் பாறைதான் உண்டு. ஒளிய ஒரு புல் கிடையாது. ஆள்காட்டியின் கண்ணுக்கு நேர் எதிரே வேறு.

மறுநாள் காலையில் நோண்டி நேராக ஆள்காட்டியிடம் போனது. ஆள்காட்டி இறக்கையை விரித்துக்கொண்டு சீறியது.

"இன்னிக்கு அந்தப் பாறையில இருக்கப்போறேன் அம்மா. நீங்க கத்தக் கூடாது."

"உன்னை நம்பி நான் வாயை மூடணுமா?"

"நம்ப வேண்டாம். உங்க ரெண்டு முட்டையையும் நீங்களே உருட்டிக்கிட்டுப் போய் ஈர மணல்ல மறைச்சு வைங்க. எங்க வச்சீங்கன்னு எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம். கூட்டுல ரெண்டு கூழாங்கல்லை மட்டும் போட்டுடுங்க. எது எதுன்னு எனக்கே தெரியலை. திருடனுக்கு எங்க தெரியப்போகுது?"

ஆள்காட்டி விரித்த இறக்கையை மடக்கிக்கொண்டது. "சரி. நீ மறைவுல இருக்கிறதைவிடக் கண்ணு முன்னால இருக்கிறது எனக்கு நிம்மதி," என்றது.

பாறையில் ஏறியதும் நோண்டி தயங்கியது. "அக்கா, நீ திரும்பறது..."

"தெரியும். நான் திரும்பறதுக்குள்ள பொழுது விடிஞ்சு அடைஞ்சுடும்," என்றது ஆமை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டது. "என்னை மல்லாக்கப் போடு."

நோண்டி திகைத்துப் போனது. மல்லாந்து விழுவதுதான் ஆமைகளுக்கு உலகத்திலேயே பெரிய பயம்.

"உனக்கு உங்க அம்மா சொன்னாப்பல எங்க அம்மாவும் எனக்கு ஒண்ணு சொல்லியிருக்காங்க, முதுகு தரையில படவே கூடாதுன்னு," என்றது ஆமை. "இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே கேட்காம இருப்போம். சீக்கிரம் போடு, மனசு மாறிடும்."

நோண்டி அதைப் புரட்டிப் போட்டு, வயிற்றின் மேல் கேமராவை வைத்தது. ஒரு விரலால் தள்ளிப் பார்த்தது. ஓட்டின் வளைவில் ஆமை வழுக்கிக்கொண்டு பம்பரம் போல் சுழன்றது.

உச்சி வெயில் ஏறியது. ஆள்காட்டி தண்ணீருக்குப் போனது. மரத்திலிருந்து வால்காக்கை எட்டிப் பார்த்தது. பாறையில் ஓர் ஆமை மல்லாந்து கிடந்தது. கீரி அதன் மேல் குனிந்திருந்தது.

"அட, கீரிக்கு இன்னிக்கு ஆமைக்கறி," என்று சொல்லிக்கொண்டது வால்காக்கை. "இனி அது தலையை நிமிர்த்தாது."

கூட்டில் இறங்கியது. ஒன்றைப் புரட்டிப் பார்த்தது. பிறகு அவசரமாக அலகில் கவ்வியது. நோண்டி இரண்டு கண்ணையும் விரியத் திறந்து அகலமாகப் பார்த்தது, மெல்லக் கிட்டே இழுத்தது, காத்திருந்தது. வால்காக்கை குனிந்தது. எச்சம் போட்டது.

இப்போது.

அது எழும்புவதற்கு ஒரு நொடி முன்பே நோண்டியின் விரல் பொத்தானில் இருந்தது. காற்றை எதிர்த்து, நேராகப் பாறையை நோக்கி, முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது வால்காக்கை. அது வளைந்த பக்கமெல்லாம் ஆமையும் சுழன்றது. கடகடவென்று சத்தம் கேட்டது. பிறகு சிவப்பு விளக்கு மட்டும் மினுங்கியது.

நோண்டி கேமராவை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு காட்டெருதிடம் ஓடியது. ஊரே கூடியது. படத்தில் இரண்டு இறக்கையும் விசிறியாக விரிந்திருந்தன. ஒவ்வொரு சிறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணில் வெயில் மின்னியது.

எந்தப் பறவையும் தான் பறப்பதைப் பார்த்ததில்லை. வால்காக்கை எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"நானா இது?" என்றது. "இவ்வளவு அழகாவா பறக்கிறேன்?"

"நீதானா இது?" என்று கேட்டார் காட்டெருது.

"நானேதாங்க ஐயா. இந்தக் காட்டுல வேற யாருக்கு இப்படி இறக்கை?"

"அலகுல என்ன?"

அப்போதுதான் வால்காக்கை படத்தில் தன் அலகைப் பார்த்தது.

"முட்டை இல்லைங்க ஐயா. கூழாங்கல்லு. சத்தியமாக் கல்லுதான். உடைச்சுத் திங்கப் பார்த்தேன், அலகே பேர்ந்துடுச்சு."

தான் சொன்னது என்னவென்று அதற்கும் மெல்லப் புரிந்தது.

"இனிமே இந்த ஏரியில உனக்குத் தண்ணி இல்லை," என்றார் காட்டெருது. பிறகு நோண்டியின் பக்கம் திரும்பினார். "நான் கண்ணால பார்த்தது காலடியை மட்டும்தான். அவசரப்பட்டுட்டேன். போய்த் தண்ணி குடி."

நோண்டி குனிந்து ஒரு வாய் குடித்தது. இரண்டாவது வாய்க்குக் குனிந்தபோதுதான் அதற்குச் சுருக்கென்றது. பாய்ந்து ஓடியது.

பாறை மேல் நாலு காலும் வானத்தைப் பார்க்க ஆமை கிடந்தது. அதன் முகத்துக்கு நிழலாக இறக்கையை விரித்து ஆள்காட்டி நின்றுகொண்டிருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டது ஆமை. "முடிஞ்சுதுன்னா என்னைத் திருப்பிப் போடுடா."

நீதி: பழகிய பக்கமே நின்று பார்ப்பவருக்கு வால்தான் தெரியும், முகம் தெரிய வேண்டுமானால் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.