சிரிப்பை அடக்காத கல்

அந்தக் காலத்தில் கற்களுக்கும் வாய் இருந்தது. ஆனால் நெருப்பு மலையின் கற்கள் மட்டும் அதைத் திறக்கக் கூடாது. "என் வயிற்றிலிருந்து வெளியே போகிறவன் எவனும் பல்லைக் காட்டக் கூடாது. கனமாக விழ வேண்டும், கம்மென்று கிடக்க வேண்டும்!" மலையின் உத்தரவு அது. கற்களும் அப்படியே விழுந்தன, கிடந்தன. தண்ணீரில் விழுந்தவை நேரே அடிக்குப் போயின.

அந்த மலையைப் பார்க்கத்தான் ஒரு கரிச்சான் குருவியும் ஒரு காட்டு ஆமையும் கிளம்பின. மூங்கில் காடு, தேக்குக் காடு, நாலைந்து ஆறுகள். இருட்டுகிற இடத்தில் தங்கல். ஆமைக்குக் கூடாரம் முதுகிலேயே இருந்தது. கூடாரத்தின் உச்சி கரிச்சானுக்குப் படுக்கை.

கரிச்சான் எந்தக் குரலையும் அப்படியே எடுக்கும். வழியில் புலி போல உறுமி மான்களை ஓடவிட்டது. மயில் போல அகவி மயிலையே திரும்பிப் பார்க்க வைத்தது.

"உன் வாயாலதான்டா ஒரு நாள் மாட்டப்போறோம்" என்றது ஆமை.

"மாட்டினா இதே வாயாலதான் வெளிய வருவோம், அண்ணே!"

கடைசி ஆற்றை விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் நடந்து கடந்தன. வெயில் சாயும்போது மலையடிவாரம் வந்தது. மலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. கரிச்சானுக்கு நாக்கு துறுதுறுத்தது.

"கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... ஹிக்!" என்று ஒரு விக்கலையும் சேர்த்து எடுத்துவிட்டது.

மலை விழித்துக்கொண்டது. "எவண்டா அது?"

நெருப்புக் குழம்பு பொங்கி வழிந்தது. ஆற்றின் மேல் கிடந்த மரம் எரிந்து விழுந்தது. ஆமை மலைப் பக்கக் கரையில் மாட்டிக்கொண்டது. அதற்கு நீந்தத் தெரியாது.

"உனக்கு றெக்கை இருக்கு. நீ போடா தம்பி."

"போயி? ராத்திரி எது மேல படுப்பேன்?"

கற்கள் தொபுக் தொபுக்கென்று ஆற்றில் விழுந்து மூழ்கின. தணலாய் உருண்டு வந்த ஒரு பொடிக்கல்லுக்கு மட்டும் அந்த விக்கல் ஞாபகம் வந்துவிட்டது. 'க்ளுக்' என்று சிரித்தது. சிரித்த இடம் உப்பியது. தண்ணீரில் விழுந்ததும் அது ஒரு கணம் மிதந்து, பிறகுதான் மூழ்கியது. "எவனும் பல்லைக் காட்டக் கூடாது! கனமாக விழ வேண்டும், கம்மென்று கிடக்க வேண்டும்!" என்று உறுமியது மலை.

கரிச்சான் துள்ளியது. "அண்ணே! சிரிச்சா உள்ள காத்து போகுது! காத்து போனா மிதக்குது!"

நெருப்புக் குழம்பின் மேலே பறந்து, மலையின் குரலை எடுத்தது: "எவனும் பல்லைக் காட்டக் கூ... ஹிக்! கனமாக வி... புஸ்ஸ்ஸ்! கம்மென்று... ஹிக், ஹிக்!"

எருமை அளவு இருந்த ஒரு நெருப்புக் கட்டியால் தாங்க முடியவில்லை. உருண்டு புரண்டு சிரித்தது. உடம்பெல்லாம் குமிழி குமிழியாய்ப் பொங்க, புஸ்ஸென்று ஆற்றில் விழுந்து ஆறி, ஜம்மென்று மிதந்தது.

"ஏறுங்கண்ணே!"

"சுடுதுடா!"

"குளிருக்கு இதமா இருக்கும், ஏறுங்க!"

ஆமை நகத்தை ஊன்றி ஏறியது. "ஐயோ, கிச்சுகிச்சு மூட்டாதீங்க!" என்று நெளிந்தது கல்.

"சிரிப்பை நிறுத்துடா!" என்று பின்னாலிருந்து கர்ஜித்தது மலை.

"முடியலையே!" என்றது கல். சிரித்துக்கொண்டே அக்கரை சேர்த்தது.

அன்று முதல்தான் நுரைக்கல் உடம்பெல்லாம் ஓட்டையோடு தண்ணீரில் மிதக்கிறது. குதிகாலை அதைக்கொண்டு தேய்த்துப் பாருங்கள், கிச்சுகிச்சு மூட்டும். அது இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.