நடுக்கோட்டைத் தொட்டுச் செய்த சத்தியம்

தாமிரபரணிக் கரையோரத்து ஊர் ஒன்றில் பள்ளிப் பெண்களின் கபடி அணி இருந்தது. கதையை முழுதும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியிலேயே யாரையும் திட்டிவிடாதீர்கள்.

அந்த அணிக்கு ஒரு பழக்கம். ஆடுகளத்தின் நடுக்கோட்டைத் தொட்டு ஒருத்தி சொன்னதை மற்றவள் வெளியே விடக்கூடாது. பயிற்சி கொடுக்கும் பிரிஸ்கா அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். "உங்களுக்குள்ள என்ன சத்தியமும் பண்ணிக்கோங்க. ஆனா உங்கள்ல ஒருத்திக்குக் கேடு வருதுன்னு என் காதுல விழுந்தா சும்மா இருக்கமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவைத்தாள்.

இசக்கிக்கு எதுவும் வயிற்றில் தங்காது. அணியில் அவளுக்குப் பெயரே ரேடியோ. எதிரணிப் பெண்ணை எந்தப் பக்கம் மடக்குவது என்பதை அவளிடம் மட்டும் சொல்லமாட்டார்கள், கண்ணாலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள். அந்த ஏற்பாட்டைச் செய்தவள் அணித்தலைவி மகராசிதான். இன்னொரு தோழி சுபைதா நேர்மாறு. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்க முடியாது.

ஒரு சாயங்காலம், மற்றவர்கள் போனபின், மகராசி இந்த இருவரையும் நடுக்கோட்டில் உட்காரவைத்தாள். கோட்டைத் தொடச் சொன்னாள்.

"ஆவணியில எனக்குக் கல்யாணமாம். மாமா மகன்தான். பத்தாம் வகுப்போட சரின்னு அப்பா சொல்லிட்டாரு. ஆர்ட்டயும் சொல்லக்கூடாது, கேட்டீங்களா? எங்க அப்பாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்."

"எங்க பெரியம்மா வீட்டுக்கு ஓடிருவோமாட்டி?" என்றாள் சுபைதா.

"ஓடுனா அப்பா தலை குனிஞ்சு நிப்பாரு" என்றாள் மகராசி. பிறகு இசக்கியைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி ரேடியோ, உனக்குந்தான் சொல்லுதேன்" என்றாள்.

சுபைதா தொழுகையில் அழுதாள். ஆனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் சத்தியம் போகும், சொல்லாவிட்டால் மகராசியே போய்விடுவாள். கடைசியில் பிரிஸ்கா அக்கா வீட்டு வாசலில் போய் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பிரிஸ்கா உடனே போனை எடுக்கவில்லை. முதலில் மகராசியைப் பார்த்தாள். "உன்னைக் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டேன். கேட்டபிறகு சும்மாவும் இருக்கமாட்டேன். என்ன செய்யணும், சொல்லு."

"ஆரக் கூப்பிட்டாலும் எங்க அப்பாட்ட மரியாதையாப் பேசச் சொல்லுங்கக்கா" என்றாள் மகராசி.

அதன்பின்தான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்புப் போனது. வந்தவர்கள் அப்பாவோடு உட்கார்ந்து, பதினெட்டு ஆகுமுன் கல்யாணம் செய்வது குற்றம் என்பதைத் தன்மையாகவே எடுத்துச் சொன்னார்கள். அவர் கோபப்பட்டார், பிறகு கண்கலங்கினார், கடைசியில் சம்மதித்தார். கல்யாணம் நின்றது, மகராசியின் படிப்பு நிற்கவில்லை.

மறுநாள் ஆடுகளத்தில் சுபைதா பொரிந்து தள்ளினாள். "கோட்டைத் தொட்டுட்டு வாக்கு மாறிட்டியே! இனி உன்கூட ஆடமாட்டேன்."

"அப்ப அவ கல்யாணத்துல பந்தியில உக்காந்து பிரியாணி தின்னிருப்பியாட்டி?" என்று கேட்ட இசக்கி, அழுதுகொண்டே எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள்.

வாய் திறக்காத சுபைதா, சொல்லிவிட்ட இசக்கி, கேட்டுவிட்டுச் செயல்பட்ட பிரிஸ்கா. இவர்களில் மகராசி மனதில் நினைத்ததைச் செய்தவள் யார்?

விடை: இசக்கி. ஆட்டத்தின் திட்டத்தைக்கூட அவளிடம் சொல்லாத மகராசி, ரகசியம் ரகசியமாகவே இருக்க வேண்டுமென்றால் சுபைதாவோடு நிறுத்தியிருப்பாள். அப்பாவை எதிர்த்துத் தானே பேச அவளுக்கு வாய் வரவில்லை; அதனால் வாய் நிற்காதவளைத் தேடிப் பிடித்தாள். பிரிஸ்கா செய்ததும் சரிதான், ஆனால் இசக்கி வந்து சொல்லாமல் அவளால் எதுவும் செய்திருக்க முடியாது. சுபைதாவையும் குறை சொல்லாதீர்கள்; ஒரு பிள்ளை தனியாகச் சுமக்கிற பாரமா அது? மகராசி அன்று இசக்கியின் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் இழுத்தாள். சுபைதாவின் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வாங்கட்டி, ஆடுவோம். எந்தப் பக்கம் மடக்கணும்னு மட்டும் இந்த ரேடியோட்ட இப்பவும் சொல்லிராதீங்க."