முதல் தண்ணீர்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேளுங்கள். மழையை மட்டும் நம்பிக் கிடந்த ஒரு நாட்டில், வெகு காலத்துக்கு முன்பு, வாய்க்கால் வெட்டுவதில் ஆசை கொண்ட ஒரு ராஜா இருந்தார்.

ஆசை ராஜாவுடையது. வெட்டியது கொம்பையனும் அவன் ஆட்களும். மூன்று வாய்க்கால் வெட்டினார்கள். மூன்றிலும் தண்ணீர் வந்ததை அவர்கள் பார்த்ததில்லை. மடை திறக்கும் நாளில் ராஜா பட்டு விரிப்பில் நடந்து வருவார். மண் ஒட்டிய கால்கள் அவர் கண்ணில் படக் கூடாதாம். வெட்டியவர்களை முதல் நாளே மலைக்கு அந்தப் பக்கம் விரட்டிவிடுவார்கள். அங்கே கொட்டுச் சத்தம் மட்டும் கேட்கும்.

முதல் தண்ணீர் எப்படி வரும்? நுரைத்துக்கொண்டா, ஊர்ந்துகொண்டா? கொம்பையனுக்கு எந்நேரமும் இதே நினைப்பு. காய்ந்த மண்ணில் காலை வைத்துக் கண்ணை மூடுவான். குளிர்ந்த மாதிரி இருக்கும். திறந்து பார்ப்பான். மண்தான்.

நான்காம் வாய்க்கால் பாதியில் இழுத்துக்கொண்டு நின்றது. ஆற்றில் புதுவெள்ளம் வருமுன் முடிக்காவிட்டால் கண்காணி அரங்கநம்பியின் பதவி போய்விடும். அவன் கூலி நெல்லைக் கூட்டினான். வாங்கிக்கொண்டார்கள், வேலை நகரவில்லை. சவுக்கை எடுத்தான். முதுகு வளைந்தது, வேலை நகரவில்லை. கிடா வெட்டி விருந்து வைத்தான். ஏப்பம் விட்டார்கள், வேலை நகரவில்லை.

“உங்களுக்கு என்னதான்டா வேணும்?” என்று கத்தினான்.

“இதைக் கேக்கவே உங்களுக்கு நாலு வாய்க்கால் ஆச்சே, சாமி,” என்றான் கொம்பையன். “தண்ணி வர்றப்போ நாங்க வாய்க்காலுக்குள்ள நிக்கணும்.”

“ராஜா வருவாருடா!”

“வரட்டுமே. அவருக்கும் கொஞ்சம் கால் நனையட்டும்.”

அரங்கநம்பி அரண்மனைக்கு ஓடினான். ராஜாவின் காலில் விழுந்து சம்மதம் வாங்கி வந்தான். அதன்பிறகு மண்வெட்டிகள் ஓயவில்லை. வெள்ளம் வருமுன் வேலை முடிந்தது.

மடை திறந்தார்கள். கொம்பையன் நடு வாய்க்காலில் நின்றான். தண்ணீர் நுரைத்தும் வரவில்லை, ஊர்ந்தும் வரவில்லை. சருகுகளை முன்னே தள்ளிக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி மோந்து மோந்து வந்தது. வந்து அவன் காலை நக்கியது.

“இப்போ திருப்திதானே?” என்று சிரித்தான் கண்காணி.

கொம்பையன் குனிந்து ஒரு கை அள்ளினான். விரலிடுக்கில் அது ஒழுகிப் போவதையே பார்த்தான்.

“இது இந்த வாய்க்காலோட தண்ணி, சாமி. அந்த மூணோட முதல் தண்ணி இனிமே எங்க வரும்?”

 இந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: வேலை வாங்குகிறவன் அந்த வேலையின் பலனை, அதைச் செய்தவன் கண்ணுக்கும் காலாகாலத்தில் காட்ட வேண்டும்.