தினம் ஒரு மரக்கால்

வெள்ளரி நாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், மகரகேது என்ற ராஜா அதை ஆண்டு வந்தார். காலையில் போட்ட உத்தரவை மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடுகிற ராஜா. ஒருநாள் அவருக்குத் தன்னைப் போலவே ஒரு கற்சிலை வேண்டுமென்று ஆசை வந்தது. சிலையின் மீசை மட்டுமே எட்டு ஆள் பாரம். அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கல் சுமக்கும் ஒச்சப்பனின் வலது காலில் விழுந்தது. கால் போய்விட்டது. மீசைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. கொட்டாவி விட்டபடியே ஓலை எழுதச் சொன்னார்: “அரச வேலையில் காலை இழந்தவனுக்கு ஆயுளுக்கும் தினம் ஒரு மரக்கால் கொடுக்கவும்.”

நெல் அளக்கிற மரக்காலைத்தான் சொன்னார். கொட்டாவியில் ‘நெல்’ காணாமல் போய்விட்டது.

ஒச்சப்பனின் மனைவி அங்காயி, ஓலையும் கூடையுமாகக் களஞ்சியத்துக்குப் போனாள். வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. களஞ்சிய அதிகாரி கஞ்சமலையார் ஓலையைப் படித்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

“இதில் நெல் எங்கே இருக்கிறது? கால் போனவனுக்கு மரத்தால் கால்!” என்று ஒரு கட்டைக் காலைக் கூடையில் போட்டார். அதை ராஜாவிடம் சொல்லிச் சிரிக்கவைத்து, ஒரு முத்துமாலையும் வாங்கிக்கொண்டார்.

அங்காயி அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆனால் மறுநாள் விடிந்ததும் வந்து நின்றாள்.

“இன்னிக்குக் கால் குடுங்க சாமி.”

“நேற்றுதானே கொடுத்தேன்!”

“தினம் ஒண்ணுன்னு ஓலையில இருக்கே. இல்ல, மரக்கால்னா நெல்லுதான்னு ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

சொன்னால் முத்துமாலை போய்விடுமே! கஞ்சமலையார் கொடுத்தார். மறுநாளும் கொடுத்தார். அங்காயி அக்கம்பக்கத்துக் கஞ்சியில் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டு, ஒருநாள் தவறாமல் வந்தாள். தச்சர்கள் இழைத்து இழைத்துக் கைவலி கண்டு ஓடிப்போனார்கள். கஞ்சமலையார் தன் கட்டில் கால்களை அறுத்துத் தரையில் படுத்தார். பிறகு மாமியார் கட்டில். முப்பதாம் நாள் அறுக்க வேறு ஒன்றும் அகப்படவில்லை.

அன்று ராஜா சபைக்கு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். அடுத்த நொடி தரையில் கிடந்தார்.

“ஐயோ, என் இடுப்பு! யாரடா அறுத்தது என் சிங்கக் காலை?”

டக், டக் என்று சத்தம். ஒச்சப்பன் சிங்கமுகம் போட்ட காலோடு உள்ளே வந்தான். கஞ்சமலையார் தூணுக்குப் பின்னால் போனார். கூடையோடு பின்னால் வந்த அங்காயி நடந்ததையெல்லாம் சொன்னாள்.

“சிங்காசனத்துல உட்கார்றதும் அரச வேலைதானுங்களே மகாராசா? வேலையில அடிபட்டுட்டீங்க. இந்தாங்க உங்களுக்கு ஈடு,” என்று கூடையிலிருந்து ஒரு கட்டைக் காலை நீட்டினாள்.

“இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? தின்பதா?”

“அதைத்தாங்க நாங்களும் ஒரு மாசமா யோசிக்கிறோம்.”

ராஜா அந்தக் கட்டைக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்க வலித்தது, வலிக்கச் சிரித்தார். முத்துமாலை அங்காயி கழுத்துக்கு வந்தது. இந்தத் தடவை கொட்டாவி விடாமல், “நெல், நெல்!” என்று அழுத்திச் சொன்னார். பயந்துபோன எழுத்தர் இரண்டு மரக்கால் நெல் என்று எழுதிவிட்டார். ராஜா திருத்தவில்லை. அதைத் தினமும் தலையில் சுமந்து ஒச்சப்பன் வீட்டில் இறக்குகிற வேலை கஞ்சமலையாருக்கு.

அங்காயி மற்ற கால்களையெல்லாம் அடுப்பில் வைத்துச் சோறு பொங்கினாள். சிங்கக் காலை மட்டும் திருப்பித் தரவில்லை. அதனால் மகரகேது ராஜா சாகும்வரை கொஞ்சம் சாய்ந்துதான் நாட்டை ஆண்டார்.